'டவுன்லோடிங்'லேயே நிற்கும் பழைய வைஃபை ஆக்சஸ் பாயின்ட்கள்: ஆம்பூர், வேலூர் தொழிற்சாலைகள் கவனிக்க வேண்டியது என்ன?

நேற்று வரை ஓடிக்கொண்டிருந்த வைஃபை இன்று காலை இல்லை. சீலிங்கில் இருக்கும் ஆக்சஸ் பாயின்ட்டில் விளக்கு எரிகிறது, மாறி மாறி நிறம் காட்டுகிறது, சில நிமிடத்துக்கு ஒருமுறை தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. "பெட்டி போயிடுச்சு, புதுசு வாங்கணும்" என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில்.

ஆனால் பல நேரங்களில் பெட்டி நன்றாகவே இருக்கும். காலாவதியானது அதற்குள் இருக்கும் ஒரு டிஜிட்டல் சான்றிதழின் தேதி. உலகம் முழுக்க சிஸ்கோ நிறுவனத்தின் பழைய ஆக்சஸ் பாயின்ட்களை வைத்திருப்பவர்களுக்கு 2022 டிசம்பர் 4-க்குப் பிறகு இந்தச் சிக்கல் வந்தது. பழைய சாதனங்களை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கும் எந்த ஷூ கம்பெனிக்கும் டேனரிக்கும் இது இன்றைக்கும் வரலாம்.

சுருக்கமாகச் சில விஷயங்கள்:

- ஓடிக்கொண்டிருக்கும் பழைய ஏபி சும்மா இருந்தால் பிரச்னை இல்லை. ஃபர்ம்வேர் மாற்றும்போதுதான் சிக்கும்.
- கன்ட்ரோலரின் தேதியைத் தற்காலிகமாகப் பின்னுக்குத் தள்ளினால் பெரும்பாலானவை மீண்டுவிடும். ஆனால் அதற்குச் சட்டரீதியான ஒரு எச்சரிக்கை உண்டு.
- கன்ட்ரோலர் இல்லாவிட்டாலும் ஏபியைத் தனியாக இயங்க வைக்க வழி இருக்கிறது.
- மீட்டெடுத்த பழைய ஏபியை எல்லா இடத்திலும் மாட்டக் கூடாது.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஆக்சஸ் பாயின்ட், ஃபர்ம்வேர்... என்ன வித்தியாசம்?

வீட்டில் இருப்பது ரூட்டர். இணைய இணைப்பு, வைஃபை, பாஸ்வேர்டு எல்லாம் ஒரே பெட்டியில் முடிந்துவிடும். தொழிற்சாலை, மருத்துவமனை, கல்லூரி போன்ற பெரிய இடங்களில் அது போதாது. அங்கே பத்து, ஐம்பது, நூறு என்று வைஃபை பெட்டிகளைப் பரவலாக மாட்டுவார்கள். இவைதான் ஆக்சஸ் பாயின்ட்கள், சுருக்கமாக ஏபி. அத்தனையையும் ஒரே இடத்திலிருந்து மேய்ப்பது கன்ட்ரோலர் என்ற சாதனம்.

ஃபர்ம்வேர் என்பது அந்தப் பெட்டிக்குள்ளேயே குடியிருக்கும் மென்பொருள். போனுக்கு ஆண்ட்ராய்டு எப்படியோ, ஏபிக்கு ஃபர்ம்வேர் அப்படி. சிஸ்கோவின் பழைய ஏபிகளில் இருப்பதன் பெயர் ஐஓஎஸ். ஐபோனில் இருக்கும் ஐஓஎஸ்-க்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இந்த ஃபர்ம்வேரில் இரண்டு வகை உண்டு. 'லைட்வெயிட்' வகை, மேஸ்திரி சொன்னால்தான் வேலை செய்யும் ஆள் மாதிரி. கன்ட்ரோலர் இல்லாவிட்டால் சும்மா நிற்கும். 'ஆட்டோனமஸ்' வகை, மேஸ்திரி இல்லாமலேயே தனியாக வேலை பார்க்கும். ஃபைல் பெயரில் 'கே9டபிள்யூ8' என்று இருந்தால் லைட்வெயிட், 'கே9டபிள்யூ7' என்று இருந்தால் ஆட்டோனமஸ். இந்த ஒரு எண்ணைக் கவனிக்காமல் தவறான ஃபைலை ஏற்றிவிட்டு நாள் முழுக்க மல்லுக்கட்டுபவர்கள் உண்டு.

தோல் தொழில் பகுதிக்கு இது ஏன் முக்கியம்?

2019-ல் பழைய வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூர் மாவட்டத்திலும், மேல்விஷாரம் ராணிப்பேட்டை மாவட்டத்திலும், பேரணாம்பட்டு வேலூர் மாவட்டத்திலும் இருக்கின்றன. மாவட்டம் பிரிந்தாலும் தொழில் ஒன்றுதான்: தோல் பதனிடுதல், ஷூ, ஷூ அப்பர், ஏற்றுமதி.

ஷூ உற்பத்தியில் கட்டிங், ஸ்டிச்சிங், லாஸ்டிங், பேக்கிங் என்று சரக்கு கைமாறிக்கொண்டே போகும். ஒவ்வொரு கட்டத்திலும் பார்கோடு ஸ்கேன் செய்யும் இடங்களில் வைஃபை நின்றால் கணக்கும் நின்றுவிடும். கன்டெய்னர் கிளம்பும் நாளில் குடோனில் ஸ்கேனர் வேலை செய்யவில்லை என்றால் பேப்பர், பேனாவோடு பெட்டிகளை எண்ண வேண்டியதுதான்.

இன்னொரு விஷயம், டேனரியின் காற்று. தோலில் முடி நீக்கும் சுண்ணாம்பு வேலையில் சோடியம் சல்பைடு பயன்படுகிறது. அதிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு வாயு வெளியாகலாம். இந்த வாயு செம்பு, வெள்ளி உலோகங்களைக் கறுக்க வைக்கும். நெட்வொர்க் கேபிளின் முனையில் இருக்கும் மெல்லிய ஊசிகளையும், போர்டில் இருக்கும் இணைப்புகளையும் அது விட்டுவைப்பதில்லை. அதனால் இந்தப் பகுதியில் ஃபர்ம்வேரைச் சந்தேகிப்பதற்கு முன்னால் கேபிள் முனையைக் கழற்றிப் பார்ப்பது நல்லது. கறுத்திருந்தால் முனையை வெட்டிவிட்டு புது கனெக்டர் அடித்துப் பாருங்கள். சில ரூபாயில் முடிய வேண்டிய வேலை அது.

2022 டிசம்பர் 4-ல் என்ன நடந்தது?

ஏபி புதிய ஃபர்ம்வேரை எடுக்கும்போது, "இது உண்மையிலேயே சிஸ்கோ கொடுத்ததுதானா?" என்று சோதிக்கும். அதற்காக ஃபைலில் டிஜிட்டல் கையெழுத்து இருக்கும். அந்தக் கையெழுத்துக்குப் பின்னால் ஒரு சான்றிதழ் இருக்கும். ரேஷன் கார்டு, லைசென்ஸ் மாதிரி சான்றிதழுக்கும் காலாவதி தேதி உண்டு. பழைய ஐஓஎஸ் ஏபிகளின் ஃபர்ம்வேருக்குப் பயன்பட்ட சான்றிதழ் 2022 டிசம்பர் 4-ல் காலாவதியானது.

அதன் பிறகு கன்ட்ரோலரின் வெர்ஷனை மாற்றினாலோ, வேறு வெர்ஷனில் இருந்த ஏபியைக் கொண்டுவந்து மாட்டினாலோ, ஏபி ஃபைலை முழுதாக இறக்கும். கையெழுத்தைச் சோதிக்கும். தேதி முடிந்துவிட்டதால் நிராகரிக்கும். ரீஸ்டார்ட் ஆகி மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். கன்ட்ரோலர் திரையில் பார்த்தால் 'டவுன்லோடிங்' என்றே இருக்கும். எத்தனை மணி நேரம் காத்திருந்தாலும் மாறாது.

இதை உறுதிப்படுத்த, ஏபியின் கன்சோல் போர்ட்டில் கேபிள் போட்டுப் பார்க்க வேண்டும். வேகம் 9600, டேட்டா பிட் 8, பாரிட்டி இல்லை, ஸ்டாப் பிட் 1. திரையில் ஓடும் வரிகளில் டிஜிட்டல் கையெழுத்துச் சோதனை தோற்றது, இமேஜ் இன்டெக்ரிட்டி செக் ஃபெயில் ஆனது, டவுன்லோடு கைவிடப்பட்டது என்ற பொருளில் செய்தி வந்தால் இதுதான் காரணம்.

ஓடிக்கொண்டிருக்கும் ஏபிகள் இந்தத் தேதியால் நிற்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதனால்தான் பலருக்கு இது தாமதமாகத் தெரிந்தது. "மூணு வருஷமா நல்லாத்தானே ஓடுச்சு, இப்போ என்ன ஆச்சு?" என்ற கேள்விக்குப் பதில், இப்போதுதான் யாரோ வெர்ஷனை மாற்றியிருக்கிறார்கள் என்பதாக இருக்கலாம்.

இன்னொரு சான்றிதழும் உண்டு

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இரண்டாவது சிக்கல் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு ஏபிக்கும் தொழிற்சாலையிலேயே ஒரு அடையாளச் சான்றிதழ் பதிக்கப்படுகிறது. கன்ட்ரோலரிடம் "நான்தான்" என்று சொல்லிக்கொள்ள அது தேவை. பழைய மாடல்களில் அதன் ஆயுள் 10 வருடம். 2012-ல் தயாரான ஏபி என்றால் 2022-லேயே அடையாளம் காலாவதி.

இரண்டையும் பிரித்தறிவது சுலபம். டவுன்லோடு ஆரம்பித்து, பிறகு தோற்றால் ஃபர்ம்வேர் கையெழுத்துச் சிக்கல். டவுன்லோடு வரைக்கும் போகாமல், கன்ட்ரோலரில் சேரும்போதே தோற்றால் அடையாளச் சான்றிதழ் சிக்கல்.

இரண்டாவதற்கு, காலாவதியான ஏபி சான்றிதழைப் பொருட்படுத்தாமல் சேர்த்துக்கொள்ளும்படி கன்ட்ரோலருக்குச் சொல்லும் ஒரு கட்டளையைச் சிஸ்கோ பின்னர் வந்த வெர்ஷன்களில் கொடுத்தது. அதைப் போட்டால் தேதியில் கை வைக்காமலேயே வேலை முடியும்.

கடிகாரத்தைப் பின்னால் திருப்புவது எப்படி?

ஃபர்ம்வேர் கையெழுத்துச் சிக்கலுக்கு முதல் வழி, அது சரிசெய்யப்பட்ட வெர்ஷனுக்குப் போவது. சிஸ்கோ அப்படிப்பட்ட வெர்ஷன்களை வெளியிட்டது. உங்கள் கன்ட்ரோலருக்கும் ஏபிக்கும் அது பொருந்தினால் அதுவே சிறந்தது.

அது கிடைக்காதபோது இருக்கும் வழி, கன்ட்ரோலரின் தேதியை மாற்றுவது. ஏபி தன் நேரத்தைக் கன்ட்ரோலரிடமிருந்துதான் வாங்குகிறது. கன்ட்ரோலர் "இன்றைக்கு 2022 நவம்பர்" என்று சொன்னால் ஏபியும் நம்பிவிடும். சான்றிதழ் செல்லும் என்று ஏற்றுக்கொள்ளும்.

1. வாரவிடுமுறை நாளிலோ, ஷிஃப்ட் முடிந்த பிறகோ வேலையைத் தொடங்குங்கள்.
2. கன்ட்ரோலரின் இப்போதைய செட்டிங்கை பேக்கப் எடுங்கள்.
3. நேரத்தைத் தானாகச் சரிசெய்யும் என்டிபி சேவையை நிறுத்துங்கள். நிறுத்தாவிட்டால் மாற்றிய தேதி சிறிது நேரத்தில் பழையபடி ஆகிவிடும்.
4. தேதியை 2022 டிசம்பர் 4-க்கு முந்தைய நாளுக்கு மாற்றுங்கள்.
5. முதலில் ஒரே ஒரு ஏபியைச் சேர்த்து, முழுதாக இறங்கி, ரீஸ்டார்ட் ஆகி, மீண்டும் சேர்கிறதா என்று பாருங்கள்.
6. சரியாக வந்தால் மற்றவற்றைச் சிறு சிறு குழுவாகச் சேருங்கள்.
7. எல்லாம் சேர்ந்ததும் என்டிபியை மறுபடி இயக்கி, தேதி சரியாகிவிட்டதா என்று கண்ணால் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

நான்காவது படியில் பலர் தவறுகிறார்கள். "எதற்கும் இருக்கட்டும்" என்று 2010-க்குப் போய்விட்டால் புதுச் சிக்கல் வரும். சான்றிதழுக்கு முடியும் தேதி போலவே தொடங்கும் தேதியும் உண்டு. 2015-ல் பிறந்த சான்றிதழ் 2010-ல் செல்லாது. அதே நெட்வொர்க்கில் 2023-க்குப் பிறகு தயாரான புது ஏபிகள் இருந்தால், தேதி பின்னால் இருக்கும் அந்த நேரத்தில் அவை புதிதாகச் சேர முடியாமல் போகலாம். விடுமுறை நாளில் செய்யச் சொல்வது இதற்காகத்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியக் கணினி அவசரகால மீட்புக் குழுவான செர்ட்-இன், 2022 ஏப்ரல் 28-ல் ஒரு உத்தரவு பிறப்பித்தது. அதன்படி நிறுவனங்கள் தங்கள் கணினி அமைப்புகளின் நேரத்தைத் தேசிய தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வர்களோடு, அல்லது அவற்றோடு ஒத்துப்போகும் சர்வர்களோடு இணைத்து வைக்க வேண்டும். லாக் எனப்படும் பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். சைபர் சம்பவம் நடந்தது தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்க வேண்டிய சம்பவங்களின் பட்டியலில் வயர்லெஸ் நெட்வொர்க்குகள் மீதான தாக்குதல்களும் இருக்கின்றன. சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களுக்கு 2022 செப்டம்பர் 25 வரை அவகாசம் தரப்பட்டது. அதன் பிறகு அவர்களுக்கும் இது பொருந்தும்.

ஆக, தேதியைப் பின்னால் தள்ளிவிட்டு "அப்படியே இருக்கட்டும், வேலை செய்யுதே" என்று விடுவது சரியல்ல. நாளைக்கு யாராவது நெட்வொர்க்குக்குள் புகுந்தால், லாக்கில் எல்லாமே 2022 என்று காட்டும். யார், எப்போது வந்தார்கள் என்று எதையும் நிரூபிக்க முடியாது. எத்தனை மணிக்கு மாற்றினோம், எத்தனை மணிக்குத் திரும்ப வைத்தோம், யார் செய்தது என்பதை ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைப்பது பின்னால் கைகொடுக்கும்.

எந்த மாடலுக்கு எந்த வெர்ஷன்?

பழைய ஏபியைப் புது கன்ட்ரோலரோடு சேர்க்க முயன்று தோற்பவர்களுக்கு இதுதான் பெரும்பாலும் காரணம். ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு கடைசி நிறுத்தம் உண்டு. ஏர்ஓஎஸ் என்ற பழைய வகை கன்ட்ரோலர் மென்பொருளில்:

- ஏரோநெட் 1140 தொடர்: 8.3 வரை
- ஏரோநெட் 1600, 2600, 3600 தொடர்கள்: 8.5 வரை
- ஏரோநெட் 1700, 2700, 3700 தொடர்கள்: 8.10 வரை

கேட்டலிஸ்ட் 9800 என்ற புதுத் தலைமுறை கன்ட்ரோலரில் கதை கொஞ்சம் வேடிக்கையானது. 1700, 2700, 3700 தொடர்களுக்கு 17.3 வெர்ஷன் வரை இடமிருந்தது. 17.4-ல் எடுத்துவிட்டார்கள். பிறகு 17.9.3-ல் மீண்டும் சேர்த்தார்கள். அதனால் "9800-ல் பழைய ஏபி வராது" என்று ஒரே வரியில் சொல்பவரை அப்படியே நம்ப வேண்டாம். கன்ட்ரோலரின் வெர்ஷனைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கன்ட்ரோலரே இல்லை என்றால்?

செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஏபி, கன்ட்ரோலர் பழுதாகிப்போன சிறிய யூனிட் போன்ற இடங்களில் ஏபியை ஆட்டோனமஸ் ஆக்கிவிடலாம். ஒரு லேப்டாப், ஒரு சின்ன ஸ்விட்ச், டிஎஃப்டிபி சர்வர் மென்பொருள், சரியான ஃபர்ம்வேர் ஃபைல் போதும். டிஎஃப்டிபி என்பது நெட்வொர்க் சாதனங்களுக்கு ஃபைல் அனுப்பும் மிக எளிய, மிகப் பழைய முறை. விண்டோஸில் டிஎஃப்டிபிடி64 போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன.

1. லேப்டாப்பின் வைஃபையை அணைத்துவிட்டு, கேபிள் இணைப்புக்கு 10.0.0.2 என்ற ஐபி முகவரியும் 255.255.255.0 என்ற சப்நெட் மாஸ்க்கும் கொடுங்கள். 10.0.0.2 முதல் 10.0.0.30 வரை எதுவும் சரிதான். மீட்பு நிலையில் ஏபி 10.0.0.1 என்ற முகவரியை எடுத்துக்கொள்ளும்.
2. ஃபர்ம்வேர் ஃபைலின் பெயரை மாற்றுங்கள். முதலில் மாடல் குறியீடு, பிறகு 'கே9டபிள்யூ7', பிறகு 'டார்', புள்ளி வைத்து 'டிஃபால்ட்'. 1700, 2600, 2700, 3600, 3700 தொடர்களுக்கு மாடல் குறியீடு 'ஏபி3ஜி2'. 1140-க்கு 'சி1140'. எல்லாமே ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடையில் சிறு கோடு போட்டு.
3. டிஎஃப்டிபி சர்வரை அந்த ஃபைல் இருக்கும் ஃபோல்டரில் இயக்குங்கள்.
4. ஏபியில் 'மோட்' பட்டனை அழுத்திப் பிடித்தபடியே பவர் கொடுங்கள். விளக்கு சிவப்பாகும் வரை, சுமார் 20 முதல் 30 விநாடி, விடாமல் பிடியுங்கள்.
5. பட்டனை விட்டதும் ஏபி தானாகவே ஃபைலைக் கேட்டு வாங்கும். முடியும் வரை பவரைத் தொடாதீர்கள்.
6. ரீஸ்டார்ட் ஆனதும் யூசர்நேம், பாஸ்வேர்டு இரண்டுமே 'சிஸ்கோ', முதல் எழுத்து மட்டும் பெரிய எழுத்து. உள்ளே போனதும் முதல் வேலை, இதை மாற்றுவது.

எல்லா நிறுவனத்துக்கும் இதே முறை என்று நினைக்க வேண்டாம். சிஸ்கோவில் லேப்டாப் சர்வராக இருக்கும், ஏபி வந்து ஃபைலை எடுத்துக்கொள்ளும். யுபிக்விட்டியின் பழைய யூனிஃபை ஏபிகளில் தலைகீழ். ரீசெட் பட்டனைப் பிடித்தபடி பவர் கொடுத்தால் ஏபியே 192.168.1.20 என்ற முகவரியில் சர்வராக நிற்கும், லேப்டாப் ஃபைலைத் தள்ள வேண்டும். அரூபா ஏபிகளில் கன்சோல் கேபிள் போட்டு, பூட் ஆவதற்குள் நிறுத்தி, 'ஏபிபூட்' என்ற நிலையில் வேலை பார்க்க வேண்டும்.

வேலை செய்யவில்லையா? அறிகுறியை வைத்துக் கண்டுபிடிக்கலாம்

ஏபி ஃபைலையே கேட்கவில்லை: லேப்டாப்பின் ஃபயர்வால்தான் முதல் சந்தேகம். டிஎஃப்டிபி யுடிபி 69 என்ற போர்ட்டில் ஓடுகிறது. விண்டோஸ் அதைத் தடுத்திருக்கும். இரண்டாவது, லேப்டாப்பையும் ஏபியையும் நேரடியாக இணைத்திருப்பது. ஏபி ரீஸ்டார்ட் ஆகும்போது இணைப்பு அறுந்து, லேப்டாப் சுதாரிப்பதற்குள் ஏபி கேட்டு முடித்துவிடும். நடுவில் ஒரு ஸ்விட்ச் போட்டால் இது தீரும்.

ஃபைல் கிடைக்கவில்லை என்கிறது: விண்டோஸ் ஃபைல் பெயரின் கடைசிப் பகுதியை மறைத்து வைக்கும். நீங்கள் 'டிஃபால்ட்' என்று மாற்றியிருப்பீர்கள், அதற்குப் பின்னால் இன்னொரு 'டார்' ஒட்டிக்கொண்டிருக்கும். ஃபைல் நீட்சியைக் காட்டும் வசதியை ஆன் செய்து பாருங்கள்.

ஃபர்ம்வேர் ஏறியது, வைஃபை பெயர் மட்டும் வரவில்லை: ஆட்டோனமஸ் ஃபர்ம்வேரில் ரேடியோக்கள் தொடக்கத்தில் அணைந்தே இருக்கும், வைஃபை பெயரும் இருக்காது. இரண்டையும் நாம்தான் உருவாக்கி இயக்க வேண்டும்.

எல்லாம் சரி, ஆனால் வேகம் குறைவு அல்லது ரேடியோ அணைகிறது: கேபிள் வழியாக வரும் மின்சாரம் போதவில்லையா என்று பாருங்கள். 802.3ஏஎஃப் வகை ஸ்விட்ச் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் கொடுக்கும். 802.3ஏடி வகை 30 வாட் வரை கொடுக்கும். 3700 போன்ற மாடல்கள் முழுத் திறனில் ஓட இரண்டாவது வகை தேவை.

கன்ட்ரோலரில் சேர்ந்துவிட்டது, ரேடியோ மட்டும் ஏறவில்லை: மாடல் எண்ணில் நாட்டுக் குறியைப் பாருங்கள். சிஸ்கோவில் இந்தியாவுக்கான எழுத்து 'டி'. அமெரிக்காவிலிருந்து வந்ததில் 'ஏ' அல்லது 'பி', ஐரோப்பாவிலிருந்து வந்ததில் 'இ' இருக்கும். கன்ட்ரோலரில் இந்தியா என்று வைத்துவிட்டு அமெரிக்க ஏபியை மாட்டினால் ரேடியோ வராது. ஒவ்வொரு நாட்டிலும் அனுமதிக்கப்பட்ட அலைவரிசை வேறு என்பதால் இந்த ஏற்பாடு. வெளிநாட்டுப் பழைய சரக்கு விலை குறைவாகக் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். வாங்குவதற்கு முன் ஸ்டிக்கரைப் படியுங்கள்.

பிரவுசரில் செட்டிங் பக்கம் திறக்கவில்லை: இங்கே பழசு ஏபி, புதுசு உங்கள் பிரவுசர். டிஎல்எஸ் 1.0 என்ற பழைய பாதுகாப்பு முறையைப் பிரவுசர்கள் 2020-ல் கைவிட்டன. எஸ்எஸ்ஹெச் மூலம் போனாலும் இதே கதைதான். ஓபன்எஸ்எஸ்ஹெச் 2015-லேயே பழைய சாவிப் பரிமாற்ற முறையை முடக்கிவிட்டது. கன்சோல் கேபிள் இருந்தால் இந்தத் தலைவலி எதுவும் இல்லை.

'ஏபி:' என்று மட்டும் காட்டிவிட்டு நிற்கிறது: உள்ளே இருக்கும் ஃபிளாஷ் மெமரியில் ஃபர்ம்வேர் சிதைந்திருக்கிறது அல்லது இல்லவே இல்லை. மோட் பட்டன் முறையில் மீட்டுப் பாருங்கள். அதுவும் தோற்றால், அந்த நிலையிலேயே ஐபி முகவரி கொடுத்து, ஃபிளாஷ், ஈதர்நெட், டிஎஃப்டிபி மூன்றையும் தனித்தனியாக இயக்கி, ஃபைலை நேரடியாக ஃபிளாஷில் விரிக்கலாம். அதற்கும் மசியவில்லை என்றால் மெமரியே போயிருக்க வாய்ப்பு அதிகம்.

பழைய ஃபர்ம்வேரை எங்கிருந்து எடுப்பது?

மிகவும் ஆபத்தான இடம் இதுதான். நிறுவன இணையதளத்தில் பழைய ஃபர்ம்வேரை இறக்கப் பெரும்பாலும் சர்வீஸ் ஒப்பந்தம் கேட்கும். ஒப்பந்தம் இல்லாதவர்கள் டெலிகிராம் குழு, யாரோ பகிர்ந்த டிரைவ் லிங்க் என்று தேடப் போகிறார்கள். உரிமச் சிக்கல் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த ஃபைலில் யாராவது கை வைத்திருந்தால், உங்கள் நெட்வொர்க்கின் வாசல் சாவியை நீங்களே கொடுத்தது போலாகும்.

சாதனம் விற்ற டீலர், பராமரிப்பு ஒப்பந்தக்காரர் மூலமாக முறையாகக் கேட்பதே சரி. எங்கிருந்து வந்தாலும் ஹாஷ் சோதனையைத் தவிர்க்காதீர்கள். ஹாஷ் என்பது ஃபைலின் கைரேகை. ஒரு எழுத்து மாறினாலும் கைரேகை மாறிவிடும். சிஸ்கோ தன் பதிவிறக்கப் பக்கத்தில் எம்டி5, எஸ்ஹெச்ஏ512 என்ற இரண்டு ஹாஷ்களைக் கொடுக்கிறது. உங்களிடம் இருக்கும் ஃபைலின் எஸ்ஹெச்ஏ512 ஹாஷ் அதோடு அப்படியே பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் அந்த ஃபைலை அழித்துவிடுங்கள்.

மீட்ட ஏபியை எங்கே மாட்டலாம், எங்கே கூடாது?

பழைய ஃபர்ம்வேர் என்றால் பழைய ஓட்டைகளும் கூடவே வரும். 2017 அக்டோபரில் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர் மேத்தி வான்ஹோஃப் 'கிராக்' என்ற குறைபாட்டை வெளியிட்டார். டபிள்யூபிஏ2 பாதுகாப்பு இருந்தும் வைஃபையில் போகும் தரவை ஒட்டுக்கேட்க அது வழி செய்தது. 2021 மே மாதம் அவரே 'ஃபிராக்அட்டாக்ஸ்' என்ற இன்னொரு தொகுப்பையும் வெளியிட்டார். நிறுவனங்கள் திருத்தங்களைக் கொடுத்தன. ஆனால் அதற்கு முந்தைய ஃபர்ம்வேரை ஏற்றினால் அந்தத் திருத்தம் உங்களுக்கு இல்லை. ஆதரவு முடிந்த மாடல்களுக்கு இனி வரப்போகும் ஓட்டைகளுக்கும் மருந்து வராது.

அதனால் சில இடங்களில் மாட்டவே கூடாது:

- அக்கவுன்ட்ஸ், சம்பளப் பட்டியல், வங்கிப் பரிவர்த்தனை நடக்கும் அலுவலகப் பகுதி.
- வெளிநாட்டு பையர்களின் டிசைன், ஆர்டர் விவரங்கள் ஓடும் நெட்வொர்க்.
- மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தரவு அனுப்பும் கண்காணிப்புக் கருவிகள். அதிகம் மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்கள் ஆன்லைன் கண்காணிப்புக் கருவி வைக்க வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014 பிப்ரவரியில் உத்தரவிட்டது. தோல் பதனிடுதல் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அந்தத் தரவு நின்றாலோ மாறினாலோ பதில் சொல்ல வேண்டியது தொழிற்சாலைதான்.

குடோனில் பார்கோடு ஸ்கேனருக்கு, பயிற்சிக்கு, ஸ்பேராக வைத்துக்கொள்ள என்றால் பயன்படுத்தலாம். அப்போதும் சில கட்டுப்பாடுகள் வேண்டும். அந்த வைஃபையைத் தனி விலேனில் பிரித்து வையுங்கள். இணையத்துக்குப் போக விடாதீர்கள். ஸ்கேனர் பேச வேண்டிய ஒரே ஒரு சர்வருக்கு மட்டும் வழி விடுங்கள். டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் மட்டுமே இருக்கட்டும். பழைய ஸ்கேனருக்காக டபிள்யூஇபி பாதுகாப்பைத் திறந்து வைப்பது பூட்டாத கதவுக்குச் சமம்.

எப்போது விட்டுவிட வேண்டும்?

இந்த மூன்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் செலவு செய்து மீட்பதில் அர்த்தமில்லை: கேபிள் முனையை மாற்றிய பிறகும் போர்டில் கறுப்பு படர்ந்திருப்பது தெரிகிறது. நம்பகமான இடத்திலிருந்து ஃபர்ம்வேர் கிடைக்க வழியில்லை. அல்லது, அந்த இடத்துக்கு முக்கியமான தரவு போகும் நெட்வொர்க்தான் தேவை.

காயலான் கடையில் போடுவதற்கு முன்னால் செட்டிங்கை முழுதாக அழியுங்கள். வைஃபை பாஸ்வேர்டு, நெட்வொர்க் விவரங்கள் எல்லாம் பெட்டிக்குள்ளேயே இருக்கும். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின்படி இவற்றைப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பதே முறை.

மீட்க முடிவு செய்திருந்தால், ஷிப்மென்ட் நெருக்கடியில் தொடங்க வேண்டாம். ஆர்டர் குறைவாக இருக்கும் ஒரு விடுமுறை நாளில் முதல் வேலையாக ஒவ்வொரு ஏபியின் மாடல் எண், தயாரான வருடம், இப்போதைய ஃபர்ம்வேர் வெர்ஷன் மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். எந்த ஏபி எப்போது தகராறு செய்யும் என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.